தண்ணீர் எந்தப் பக்கம் போகும்

மார்ச் 4

டீச்சருக்கு,

மாஸ்டர் எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் உன் மலைப் பள்ளிக்கூடமும் நலம்தானே?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கடிதம்தான் என்று சட்டம் போட்டுவிட்டு ரயில் ஏறினாய். "போன்ல ஒரே மூச்சுல நல்லா இருக்கேன்னு பொய் சொல்லிடுவீங்க. எழுதுறப்ப உங்களுக்குப் பொய் வராது" என்று வேறு சொன்னாய். டிரைவிங் ஸ்கூல் விண்ணப்பங்களைத் தவிர நான் எதையும் எழுதி எத்தனையோ காலமாகிவிட்டது. இந்த அரைப் பக்கத்துக்கே விரல் வலிக்கிறது. சந்தோஷம்தானே?

முதலில் நீ கேட்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் ஒரு டயாலிசிஸ் பை, மதியம் ஆபீஸ் பின்னறையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கும்போது ஒன்று. கை கழுவுகிறேன், முகமூடி போடுகிறேன், மின்விசிறியை அணைக்கிறேன், கதவைத் தாழ்ப்பாள் போடுகிறேன். வயிற்றுக் குழாய் வழியாகப் பழைய தண்ணீரை வடித்துவிட்டுப் புதுப் பையை ஏற்றுகிறேன். வடிந்த தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். கிட்னி இரண்டும் வேலைநிறுத்தம் செய்தால் என்ன, இந்தப் பைகள் லீவே எடுக்காமல் உழைக்கின்றன. கால் வீக்கம் இல்லை. அடுத்த கேள்வி?

ஸ்கூலில் புதிதாக ஒரு பல் டாக்டரம்மா சேர்ந்திருக்கிறார். ஊரார் வாயில் துளை போடும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் நடுங்குகிறது. தூரத்தில் மரம் தெரிந்தாலே பிரேக் போடுகிறார். "மரம் குறுக்க வராதும்மா, அது நின்ன எடத்துலயே நிக்கும்" என்றேன். "எதுக்கும் இருக்கட்டும் மாஸ்டர்" என்கிறார். என் கூட்டாளியை உனக்குத் தெரியுமே, எதற்கெடுத்தாலும் வேண்டாம் வேண்டாம் என்று இழுத்துப் பிடிப்பதால் நாம் ஹேண்ட்பிரேக் என்று பெயர் வைத்தோமே, அவருக்கும் இந்த அம்மாவுக்கும் நன்றாகப் பொருந்துகிறது.

பாடம் நடத்த ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பைகளின் மூடிகளைத் தூக்கிப் போடாமல் கழுவிச் சேர்த்து வைக்கிறேன். மேஜையில் சாக்பீஸால் நாற்சந்தி வரைந்து, மூடிகளை வண்டிகளாக ஓட்டிக் காட்டுகிறேன். பைத் தண்ணீரில் சர்க்கரை குறைவாக இருந்தால் மஞ்சள் மூடி, அது கார். நடுத்தரத்துக்குப் பச்சை, அது வேன். கடும் சர்க்கரைக்குச் சிவப்பு, அது பஸ். சிவப்பு அவசரத்துக்கு மட்டும் என்று டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதை நீ மறுபடி எழுதிக் காகிதத்தை வீணாக்காதே. அதனால் எங்கள் ஊரில் இப்போதைக்கு ஒரே ஒரு பஸ்தான் ஓடுகிறது. மூடி எதற்குப் போடுவது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வீடு அமைதியாக இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மாஸ்டர்

*

மார்ச் 15

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை ஸ்டாஃப் ரூமில் படித்துச் சிரித்ததில் கணக்கு மிஸ்ஸுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. "என்ன, வீட்டுக்காரர் காதல் கடிதமா?" என்றாள். பல் டாக்டரும் மரமும் என்று சொன்னேன். நம்பவில்லை.

எனக்குக் கொடுத்த வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் இரும்புக் கட்டிலும் நானும். மற்றதில் என் புத்தகங்கள் மட்டும் சொகுசாகப் படுத்திருக்கின்றன. குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கும் குளிர். காலையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வீட்டு டியூஷன் எடுத்தே பாதி வயசைத் தொலைத்தவளுக்கு ஒரு நிஜமான ஆய்வுக்கூடமும், நாற்பது கண்களும் கிடைத்திருக்கின்றன. பொய் எழுத வராதது உங்களுக்கு மட்டும் இல்லை. நான் இங்கே மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன்.

இந்த வாரம் சவ்வூடு பரவல் பாடம். உருளைக்கிழங்கை விரல் விரலாக நறுக்கி, பாதியை வெறும் தண்ணீரிலும் பாதியை உப்புத் தண்ணீரிலும் போட்டோம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால், வெறும் தண்ணீரில் கிடந்தது விறைப்பாக நின்றது. உப்புத் தண்ணீரில் கிடந்தது தொங்கிப்போய்விட்டது. உப்புத் தண்ணீர் கிழங்குக்குள் இருந்த தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டது என்று விளக்கினேன். கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி எழுந்தாள். "எந்தப் பக்கம் போகணும்னு தண்ணிக்கு எப்படி மிஸ் தெரியும்?"

எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தண்ணீருக்கு ஒன்றும் தெரியாதும்மா என்றேன். செல்லின் சவ்வில் தண்ணீர் மட்டும் நுழையும் அளவுக்கு நுண்ணிய வழிகள் இருக்கின்றன. அதன் வழியாக இரண்டு பக்கமும் தண்ணீர் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருக்கும், ஒரு நொடிகூட நிற்காது. உப்போ சர்க்கரையோ கலந்த பக்கத்தில் தண்ணீரின் நெருக்கம் குறைவு. அதனால் அங்கிருந்து கிளம்பி வருவது குறைவு, இங்கிருந்து அங்கே போவது அதிகம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு பக்கம் ஏறும். நமக்குத் தெரிவது அந்த மிச்சம் மட்டும்தான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப யாரும் இழுக்கல மிஸ்" என்றாள். நான் கரும்பலகையில் 'இழுத்தது' என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிளம்பும்போது என்னுடன் வந்துவிடுங்கள் என்று கேட்டேன். "நான் என்ன பார்சலா, கூடவே தூக்கிட்டுப் போக?" என்றீர்கள். அதற்கு முந்தின வாரம், நீங்கள் குடிக்கும் தண்ணீரை நான் அளந்து வைத்ததற்கு, "நீ எனக்குப் பொண்டாட்டியா, நர்ஸா?" என்று கத்தினீர்கள். இரண்டுக்கும் நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது மறுபடி கேட்கிறேன். என் ஒப்பந்தம் மூன்று வருடம். மூன்று வருடம் நீங்கள் அங்கே, நான் இங்கே என்று பழகிவிட்டால், அதற்கப்புறம் யார் வீட்டுக்கு யார் விருந்தாளி? நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன். நீங்களும் அங்கே சந்தோஷமாக இருப்பதாகத்தான் தெரிகிறது. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அன்புடன்,
டீச்சர்

*

மார்ச் 27

டீச்சருக்கு,

உன் கடைசி பெஞ்சுக்காரியை எனக்குப் பிடித்திருக்கிறது. பதினெட்டு வயசானதும் என்னிடம் அனுப்பு, கட்டணம் வாங்காமல் வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறேன்.

வருவதைப் பற்றிக் கேட்டாய். நிதானமாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பைப் பெட்டிகள் மாதாமாதம் இந்த வீட்டுக்குத்தான் வருகின்றன. டாக்டர் இங்கே. ஸ்கூல் இங்கே. ஹேண்ட்பிரேக்கிடம் தனியாக விட்டால் எல்லாரையும் முதல் கியரிலேயே ஊரைச் சுற்ற வைத்துவிடுவார். உன் மலையில் நான் என்ன செய்வேன்? நீ வகுப்புக்குப் போனதும் மேகத்தோடு உட்கார்ந்து வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேனா? ஆசைப்பட்ட வேலை இப்போதுதான் உனக்குக் கிடைத்திருக்கிறது. அங்கேயும் வந்து உன் கையில் அளவுக் குவளையைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. லீவுக்கு நீ வா. ராஜோபசாரம் செய்கிறேன்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. காருக்குள் உட்கார்ந்தால் அடுப்பில் உட்கார்ந்த மாதிரி. ஆனாலும் குஷிக்குக் குறைவில்லை. எங்கள் ஸ்கூல் சட்டம் உனக்குத் தெரியும்: ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் உருளவிடாமல் யார் கிளப்புகிறார்களோ, அன்றைக்கு எல்லாருக்கும் அவர்கள் டீ வாங்கித் தர வேண்டும். பல் டாக்டரம்மா போன வாரம் கிளப்பிவிட்டார்! அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து தினமும் அவர் டீதான். இந்தத் தடவை வந்திருக்கிற கூட்டம் கெட்டிக்காரக் கூட்டம், நாளுக்கு இரண்டு மூன்று பேர் ஏற்றத்தில் ஜெயித்துவிடுகிறார்கள். மாஸ்டர் குடிக்காமல் யாரும் குடிப்பதில்லை. ஆளாளுக்கு ஊற்றித் தருகிறார்கள். அந்தக் கலகலப்பை நீ பார்க்க வேண்டும்.

கால் வீக்கம் இல்லவே இல்லை. கணுக்கால் எலும்பு தெரிகிறது, கல்யாணத்தில் இருந்த மாதிரி. எடையும் ஏறவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மேஜைப் பாடமும் அமோகமாக நடக்கிறது. ஒரே ஒரு கஷ்டம். நாற்சந்தி முழுக்க பஸ்ஸாக நிற்கிறது, டிராஃபிக் ஜாம். கார் ஓட்டிக் காட்டக் கார்தான் கிடைக்க மாட்டேன் என்கிறது. பஸ் டிப்போவே வைக்கலாம் என்று ஹேண்ட்பிரேக் கிண்டல் செய்கிறார்.

இப்படிக்கு,
கணுக்கால் தெரியும் மாஸ்டர்

*

ஏப்ரல் 5

மாஸ்டருக்கு,

நாற்சந்தியில் ஏன் இத்தனை பஸ்?

எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்திருக்கலாம் நீங்கள். யோசிக்கவில்லை என்பதால்தான் எனக்குத் தெரிந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள், நீங்கள் மூடியைக் கொடுத்து மாட்டிக்கொண்டீர்கள். நாளெல்லாம் டீ, கொளுத்தும் வெயில், சிறுநீர் சொட்டுக்கூட இல்லை, ஆனால் கால் வீங்கவில்லை. குடித்ததெல்லாம் எங்கே போனது? கடும் சர்க்கரைப் பையை ஏற்றி ஏற்றி வடித்துவிட்டீர்கள். ஒரு டீக்கு ஒரு சிவப்பு, அப்படித்தானே?

வகுப்பில் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சிரிக்காமல் படியுங்கள். உங்கள் வயிற்றின் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு விரிந்திருக்கிறது. அதற்குள் மயிரைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள். ஒரு பக்கம் உங்கள் ரத்தம், இன்னொரு பக்கம் நீங்கள் ஏற்றிய சர்க்கரைத் தண்ணீர். என் உருளைக்கிழங்கில் நடந்ததேதான் அங்கேயும் நடக்கிறது. ரத்தத்தில் மிஞ்சிய தண்ணீர் அந்தக் குழாய்ச் சுவர்களின் செல்கள் வழியாகச் சர்க்கரை இருக்கும் பக்கம் வந்து சேர்கிறது. சர்க்கரை எவ்வளவு அதிகமோ அவ்வளவு தண்ணீர் வரும். அதுவரைக்கும் உங்கள் கணக்கு சரி. ஆனால் சர்க்கரை சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. மெல்ல மெல்ல அதுவும் உங்கள் ரத்தத்துக்குள் கசிகிறது, அதனால்தான் சில மணி நேரத்தில் பையின் வேகம் குறைகிறது, மாற்ற வேண்டியிருக்கிறது. கடும் சர்க்கரை நாள்தோறும் பட்டுக்கொண்டே இருந்தால் அந்தச் சவ்வு தடித்துப்போகும். பிறகு சிவப்பு என்ன, எந்தப் பை போட்டாலும் தண்ணீர் வராது. அந்தச் சவ்வுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது. அப்புறம் வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரி மெஷினில் பாதி நாள் படுத்திருக்க வேண்டும். கார் இல்லை, ஏற்றம் இல்லை, கலகலப்பு இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. கோபம் நேற்றே தீர்ந்துவிட்டது, பயம் தீரவில்லை.

அடுத்த ரயிலில் கிளம்பி வந்துவிட எனக்குத் தெரியாமல் இல்லை. தலைமையாசிரியையிடம் பாதி சொல்லியும்விட்டேன். ஆனால் வந்தால் மறுபடி அளவுக் குவளையோடுதான் வருவேன். நீங்கள் மறுபடி கத்துவீர்கள். நான் மறுபடி பேசாமல் இருப்பேன். அப்படி ஒரு வீட்டுக்கு நானும் திரும்ப வேண்டாம், நீங்களும் அதில் இருக்க வேண்டாம். அதனால் வரவில்லை. வராமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். தாகத்தால் குடித்தீர்களா, வேறு ஏதாவதா? தாகத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவர்தானே நீங்கள். இப்போது மட்டும் என்ன?

டீச்சர்

*

ஏப்ரல் 19

டீச்சருக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே டாக்டரிடம் போனேன். படிக்கக் கொடுத்தேன். "உங்க வைஃப் என்ன வேலை பாக்குறாங்க? நான் வீட்டுக்குப் போயிடவா?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கினார். அதை எழுதப்போவதில்லை, எனக்கும் மானம் இருக்கிறது.

ஒரு பையை நாலு மணி நேரம் வயிற்றில் வைத்து, இடையிடையே அந்தத் தண்ணீரையும் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். சவ்வு கொஞ்சம் களைத்திருக்கிறது, கெட்டுப்போகவில்லை என்றார். இப்போதே நிறுத்தினால் பல காலம் ஓடும். சிவப்பைத் தொடுவதென்றால் அவரைக் கேட்டுவிட்டுத்தான். மீதமிருந்த சிவப்புப் பெட்டிகளை அவர் ஆளே வந்து எடுத்துப் போய்விட்டான்.

தாகமா என்று கேட்டாய். இல்லை. தாகம் எனக்குப் பழைய சிநேகிதன், அவனைச் சமாளித்துவிடுவேன். டீயை வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு தடவை சொல்லலாம், வயிறு சரியில்லை என்று. தினமும் சொல்ல முடியுமா? உண்மையைச் சொன்னால், நோயாளி மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டுவதற்கு யார் வருவார்கள்? நடுரோட்டில் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று பயப்பட மாட்டார்களா? பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார்கள் பார், அதைவிட அந்தப் பை வலிக்காது. வீட்டில் நீ இருந்தவரை ஒருத்தியிடமாவது வெளிப்படையாகக் கத்த முடிந்தது. நீ போன பிறகு, நாள் முழுக்க நல்லா இருக்கிற ஆளாகவே இருந்து பார்த்தேன். அது பிடித்துப்போய்விட்டது.

திங்கட்கிழமை பல் டாக்டரம்மா ஊற்றிய டீயைத் தொடாமல் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சட்டையைத் தூக்கிக் குழாயைக் காட்டினேன். அந்த அம்மா, "இதுக்குத்தான் தினமும் மத்தியானம் கதவச் சாத்திக்கிறீங்களா? நாங்க நீங்க தூங்குறீங்கன்னு இல்ல நெனச்சோம்" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஹேண்ட்பிரேக்குக்குத்தான் கண் கலங்கிவிட்டது. "இத்தன நாளா எங்கிட்டக்கூட பாதிதான சொல்லிருக்கே" என்று என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருவர்கூட ஸ்கூலை விட்டுப் போகவில்லை, டீச்சர். பயந்தது நான் மட்டும்தான். இப்போது எனக்கு அரைச் சின்னக் கோப்பை, அதற்கு மேல் கேட்டால் கூட்டமே முறைக்கிறது. நர்ஸ் ஒருத்திக்குப் பதிலாக ஒன்பது பேர்.

மே மாத வெயிலுக்குப் பயந்து எங்கள் ஸ்கூலுக்கு ஆள் வருவது குறைவு. பத்து நாள் அங்கே வந்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன். வெறும் பத்து நாள். மேகம் உள்ளே வருமாமே, அதை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். பைகளை அந்த ஊருக்கே அனுப்பிவைப்பார்களாம், விசாரித்துவிட்டேன். தண்ணீர்க் கணக்கு என்னுடையது, நீ குவளையைக் கையால் தொடக் கூடாது. சம்மதமா?

இப்படிக்கு,
மாஸ்டர்

*

மே 9

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே சம்மதம் என்று எழுதிப் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. உங்கள் பெட்டிகள்தான் வந்தன.

எங்கள் மலைப் பள்ளிக்குக் குளிர்காலத்தில்தான் லீவு, மே மாதம் கிடையாதே; இன்று காலை இரண்டாவது வகுப்பின் நடுவில் காவலாளி ஓடி வந்தார். "டீச்சர், ஒங்க வீட்டு வாசல்ல ஒரு வேன் நிக்குது, எறக்கிட்டே இருக்காங்க." போய்ப் பார்த்தால் வராந்தாவில் கால் வைக்க இடமில்லை. கணக்கு மிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "கடை ஏதும் வெக்கப் போறியா?" என்றாள். என் வகுப்புப் பெண்களுக்கு ஒரே கும்மாளம். கடைசி பெஞ்சுக்காரி ஒரு பெட்டியின் மேலிருந்த எழுத்தைப் படித்துவிட்டு, "சர்க்கரைத் தண்ணியா மிஸ்? உருளைக்கிழங்கு மாதிரியா?" என்றாள். ஆமாம், ஒரு உருளைக்கிழங்கு ரயிலில் வரப்போகிறது என்றேன்.

எல்லாரும் சங்கிலி போல நின்று, கைக்குக் கை மாற்றிப் பெட்டிகளை உள்ளே கொண்டுவந்தார்கள். இரண்டாவது அறையிலிருந்த என் புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் கம்பளி போட்டு ஒரு சாய்வு நாற்காலி வைத்திருக்கிறேன், பை தொங்கவிட உயரமாக ஒரு கொக்கியும் அடித்தாகிவிட்டது. தச்சர் எதற்கு என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன்.

பத்து நாளுக்குப் பத்துப் பெட்டியே அதிகம். இங்கே சுவர் தெரியாமல் அடுக்கியிருக்கிறது. முகவரியைத் தவறாக எழுதிவிட்டார்களோ, வேறு யாருடைய பெட்டியும் கலந்து வந்துவிட்டதோ என்று வேன்காரரைக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "இல்லம்மா, எல்லாம் உங்க சார் சொன்னதுதான். அடுத்த மாசமும் இதே தேதிக்குக் கொண்டு வந்துடுவேன், அதுக்கடுத்த மாசமும். தேதி மாத்தணும்னா மட்டும் இப்பவே சொல்லிடுங்க."

மாற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்புடன்,
டீச்சர்